பழி ஒரு மருமகள் மேல்!

எங்கள் வீட்டில் பீட்டில்ஸ் பைத்தியம் என் பெண்ணுக்குத்தான். அன்றும் பாட்டைப் போட்டுக்கொண்டுதான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். காபிப்பொடி கடன் வாங்க வந்த எதிர்வீட்டு மாமி, "யாருடி இவாள்ளாம்?" என்று கேட்டார்.

"இங்கிலாந்துக்காரா மாமி, நாலு பேர். உலகமே கொண்டாடித்து. 1970-ல பிரிஞ்சு போயிட்டா."

"ஏனாம்?"

"ஜான்னு ஒருத்தரோட ரெண்டாவது பெண்டாட்டிதான் காரணம்னு சொல்றா."

"அதானே பார்த்தேன்! எந்த ஊரானா என்ன, பிரிக்கறதுக்குன்னே ஒருத்தி வந்துடுவாளே!"

எனக்குச் சுருக்கென்றது. புகுந்த வீடு மூன்று அடுப்பாகப் பிரிந்தபோது, கடைசி மருமகளான என் தலையிலும் அந்தப் பழி விழுந்தது. அதனால்தானோ என்னவோ, அந்த நால்வர் கதையைத் தேடிப் பிடித்துப் படித்தேன்.

லிவர்பூல் துறைமுகத்துப் பையன்கள். பால் மெக்கார்ட்னியின் அம்மா மேரி நர்ஸ்; பிரசவமும் பார்ப்பார். எத்தனையோ பேர் உடம்பைக் கவனித்த அந்த அம்மாள் 1956-ல் மார்பகப் புற்றுநோயால் போய்விட்டார். வயது 47, பாலுக்குப் பதினாலு. ஜான் லெனனை வளர்த்தவர் பெரியம்மா மிமி. ஜானின் அம்மா 1958-ல் கார் மோதி இறந்தார். தாயில்லாத இரண்டு பிள்ளைகளும் கிதாரும் கையுமாக ஒட்டிக்கொண்டார்கள். ஜார்ஜ் ஹாரிசன் எல்லோருக்கும் இளையவர். ரிங்கோ ஸ்டாருக்கு ஆறு வயதில் குடல்வால் வெடித்து வயிறெல்லாம் சீழ். பதின்மூன்றில் காசநோய் வேறு. நோயாளிப் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக ஆஸ்பத்திரியில் வாத்தியங்கள் கொடுப்பார்களாம். அங்கேதான் ரிங்கோ டிரம் தட்டப் பழகினாராம்.

1961 நவம்பரில் இவர்கள் பாட்டைக் கேட்க வந்தார் பிரையன் எப்ஸ்டீன். குடும்பத்துக் கடையில் இசைத்தட்டுப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர், வயது 27. "மேடையில் தின்னாதே, சிகரெட் பிடிக்காதே" என்று அதட்டி, கோட்டு சூட்டு மாட்டிவிட்டார். கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். 1962 அக்டோபரில் முதல் இசைத்தட்டு வந்தது. 1964 பிப்ரவரியில் அமெரிக்க டெலிவிஷனில் இவர்களைப் பார்த்தவர்கள் 7 கோடிக்கும் மேல். அம்மாடி!

1962-ல் சிந்தியா கர்ப்பமானதும் ஜான் அவசரமாகக் கல்யாணம் செய்துகொண்டார். குடியிருக்கத் தன் ஃப்ளாட்டையே கொடுத்தவர் பிரையன். ஆனால் ரசிகைகள் ஏமாந்துவிடுவார்களாம். கல்யாணம் ஆனதையே மூச்சு விடக்கூடாது! பிள்ளைத்தாய்ச்சிப் பெண் எப்படித்தான் தாங்கினாளோ? அதைத் தனியாகவே எழுதலாம்.

பிரையன் கணக்கில் புலி ஒன்றும் இல்லை. இவர்கள் படம் போட்ட பொம்மை, சட்டை வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூறை வெளியாருக்கு விட்டுக்கொடுத்தவர்தான். ஆனாலும் அவர் பேச்சுக்கு நால்வரும் கட்டுப்பட்டார்கள். 1967 ஆகஸ்டில் தூக்கமாத்திரை அளவு மீறி அவர் இறந்தபோது வயது 32.

பெரியவர் போன வீடு எப்படி இருக்கும்? நமக்குத் தெரியாததா! 1968-ல் தியானம் கற்க ரிஷிகேசம் போனார்கள். சின்ன வயதில் பாடாய்ப்பட்ட வயிறு காரத்தைத் தாங்காமல் ரிங்கோ பத்தே நாளில் ஊர் திரும்பினார். 'ஆப்பிள்' என்று சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார்கள். லண்டனில் திறந்த துணிக்கடையை எட்டு மாதத்தில் மூடி, மிச்சச் சரக்கை வந்தவர்களுக்கெல்லாம் சும்மாவே கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் சாவிக்கொத்து யாரிடம் என்ற சண்டை. 1969 மார்ச்சில் எட்டே நாள் இடைவெளியில் பால் லிண்டாவையும் ஜான் யோகோ ஓனோவையும் மணந்தார்கள். பாலுக்கு, வக்கீல்களான லிண்டாவின் அப்பாவும் அண்ணனும் கணக்கைப் பார்க்கட்டும் என்று. "மாமனார் வீட்டிடம் கொடுப்பதா?" என்று மற்ற மூவருக்கும் இருக்காதா? அவர்கள் நியூயார்க்கின் ஆலன் கிளைன் பக்கம் சாய்ந்தார்கள். பால் கையெழுத்துப் போட மறுத்தார்.

மனஸ்தாபமோ அதற்கும் முன்பே வந்தாயிற்று. 1968-ல் ரிங்கோ இரண்டு வாரம் கோபித்துக்கொண்டு போனார். மறுவருஷம் ஜனவரியில், தன் பாட்டுகளை ஒதுக்குகிறார்கள் என்று ஜார்ஜ் சில நாள் விலகினார். செப்டம்பரில் ஜானே "நான் வரவில்லை" என்றார், வெளியில் சொல்லவில்லை. 1970 ஏப்ரலில் பால் சொன்னதும்தான் ஊருக்குத் தெரிந்தது. டிசம்பர் 31 அன்று பால் மூவர்மீதும் வழக்குப் போட்டார். சட்டப்படி பிரிய 1975 ஆனது. அந்த மூவரும்கூட 1973-லேயே கிளைனை விட்டு விலகி, அவர்மேல் வழக்குப் போட்டார்கள். பால் மறுத்தது சரிதானே?

யோகோ ஒலிப்பதிவு அறைக்குள் வந்து ஜான் பக்கத்திலேயே உட்கார்ந்தது மற்றவர்களுக்கு உறுத்தியது நிஜம். எனக்கானாலும் உறுத்தியிருக்கும். ஆனால் கூட்டத்தைப் பிரித்தது யோகோ இல்லை என்று 2012-ல் பாலே சொல்லிவிட்டார். 1969 ஜனவரியில் எடுத்த படச்சுருள்களைத் தொகுத்து 2021-ல் பீட்டர் ஜாக்சன் வெளியிட்ட நீளமான படத்தை என் பெண்ணோடு பார்த்தேன்.

காபிப்பொடியைத் திருப்பிக் கொடுக்க வந்த மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ அத்தனை சண்டைக்கும் நடுவுல அந்தப் பொண்ணு என்னதான் பண்ணிண்டிருந்தா?" என்றார்.

"பேப்பர் படிச்சிண்டிருந்தா, மாமி."