மூன்று வோல்ட் கற்றுத் தந்த பாடம்



சென்ற செமஸ்டரில் தேர்வுக் கட்டணம் கட்ட மறுநாள் கடைசி. அறை நண்பனின் கம்ப்யூட்டரிலோ எந்த இணையதளமும் திறக்கவில்லை. 'பாதுகாப்பற்றது' என்றே வந்தது. கடைக்காரர், "மதர்போர்டு போச்சு தம்பி, நாலாயிரம் ஆகும்" என்றார். நண்பன் முகம் வாடிவிட்டது.

திரையின் மூலையைப் பார்த்தேன். தேதி 2009! ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அது குறிப்பிட்ட நாள் முதல் குறிப்பிட்ட நாள் வரைதான் செல்லும். நம் கம்ப்யூட்டர் தேதி அதற்கு வெளியே இருந்தால் பிரௌசர் சந்தேகப்படும். அவ்வளவுதான்! தேதியைத் திருத்தினோம், கட்டணமும் கட்டினோம்.

மறுநாள் ஆன் செய்தால் மீண்டும் 2009. ஏன்? கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி. 20 மி.மீ. அகலம், 3 வோல்ட். மல்டிமீட்டரை வைத்தோம்: 2.1 தான்! பிளக்கைக் கழற்றிவிட்டு, பிளஸ் பக்கம் மேலே தெரியும்படி புதியது போட்டோம். பயாஸில் தேதி வைத்தோம். செலவு நூறு ரூபாய்க்குள்.

போனில் தேதி தப்பினாலும் இதே தொல்லைதான். 'தானியங்கி நேரம்' ஆன் செய்யுங்கள்.

தோழர்களே, மல்டிமீட்டரைப் பிராக்டிகல் மார்க்குக்கு மட்டும் பிடிக்காதீர்கள். கடைக்குப் போகுமுன் கடிகாரத்தைப் பாருங்கள்!