மேகத்திற் சேமித்த செல்வம்

கார்மேகம் கண்டு களிப்புற்றவர்கள் நம் முன்னோர். அம்மேகம் பெய்தால் வயல் விளையும்; பொய்த்தால் ஊர் வாடும். இக்காலத்து இளைஞர்களோ வேறொரு மேகத்தின்மீது நம்பிக்கை வைத்துள்ளனர். கைத்தொலைபேசி நீரில் விழுந்து பழுதுற்றாலும், "படங்கள் எல்லாம் கிளவுட்டில் இருக்கின்றன; கவலை இல்லை" என்று மகள் சொல்லத் தாய் ஆறுதல் அடைகின்றாள். அந்தக் கிளவுட் எங்கே இருக்கின்றது, அதனைக் காப்பவர் யாவர் என்று தாய் வினவுவதில்லை. மகளும் பெரும்பாலும் அறியாள். இவ்வினாக்களுக்கு விடை காண்பதும், மேகக் கணிமை எனப்படும் இவ்விஞ்ஞானத்தின் தோற்றத்தையும் இன்றைய நிலையையும் வருங்காலத்தையும் சுருங்கக் கூறுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிணறும் குழாயும்

யாழ்ப்பாணத்து வளவுகளிற் கிணறு இல்லாத வளவு அரிது. கிணறு நமது, அதனை இறைப்பதும் துப்புரவு செய்வதும் நமது பொறுப்பு. நகரத்திற் குழாய்நீர் பெறுவோர்க்கு அப்பொறுப்பு இல்லை. குழாயைத் திறந்தால் நீர் வரும். மானி காட்டும் அளவுக்குப் பணம் கட்டினாற் போதும். வீட்டில் நாம் வாங்கி வைத்திருக்கும் கணினி கிணற்றைப் போன்றது. மேகக் கணிமை குழாய்நீரைப் போன்றது. எங்கோ ஒரு நிறுவனம் பெருந்தொகையான கணினிகளை வைத்து நடத்துகின்றது. நாம் இணையத்தின் வழியாக அவற்றிலே வேண்டிய இடத்தையும் வேண்டிய ஆற்றலையும் வாடகைக்குப் பெறுகின்றோம்.

இம்மேகம் வானத்திலே மிதப்பதன்று. தரவு நிலையம் எனப்படும் பெருங் கட்டடங்களில், வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான கணினிகளே அது. அவை இரவு பகலாக இயங்கி வெப்பத்தை உமிழ்வதால், குளிரூட்டும் பொறிகளும் ஓயாது இயங்குகின்றன. நம் நாட்டிலிருந்து அங்கே செல்லும் செய்தி பெரும்பாலும் கடலின் அடியிற் கிடக்கும் கண்ணாடி இழை வடங்களின் வழியே செல்கின்றது. அவற்றுள் ஒன்றாகிய சீ-மீ-வீ 5 மாத்தறையிற் கரையேறுகின்றது. ஆகவே, மேகத்திற்குச் செல்லும் பாதை கடலுக்குள்ளே இறங்கிச் செல்கின்றது எனலாம்.

அவ்வாறாயின் மேகம் என்ற பெயர் எவ்வாறு வந்தது? தொலைத்தொடர்புப் பொறியியலாளர்கள் வரைபடம் வரையும்போது, உள்ளே என்ன நிகழ்கின்றது என்று விளக்க வேண்டாத வலையமைப்பை ஒரு மேகமாக வரைந்து காட்டுவது வழக்கம். ஒரு முனையிற் புகுந்த செய்தி மறு முனையில் வெளிவரும். இடையிலுள்ளதைப் பயனாளர் அறியவேண்டியதில்லை என்பது அதன் பொருள். அப்படமே பெயராயிற்று. உள்ளே இருப்பதை நாம் அறியாதிருத்தல் இப்பெயரிலேயே அடங்கியுள்ளது என்பதை மனத்திற் கொள்ளுதல் நன்று.

வித்து ஊன்றிய காலம்

இக்கருத்தின் வித்து 1961ஆம் ஆண்டிலே ஊன்றப்பட்டது. அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் தன் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடிய அவ்வாண்டில், ஜோன் மக்கார்த்தி என்னும் அறிஞர் அங்கு உரையாற்றினார். தொலைபேசி ஒரு பொதுச் சேவையாக விளங்குவதுபோலக் கணிமையும் ஒருநாள் பொதுச் சேவையாக ஆகக்கூடும் என்று அவர் கூறினார். கணினி ஒன்று ஓர் அறையை நிறைத்து நின்ற காலம் அது. ஆராய்ச்சியாளர் தம் கணக்கைத் துளையிட்ட அட்டைகளிற் பதித்துக் கொடுத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கிற் காத்திருப்பர். ஒரு குறி பிழைத்தாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

இக்குறையைப் போக்கும் பொருட்டு எழுந்ததே நேரப் பகிர்வு முறை. மனிதன் சிந்திக்கும் வேகம் சிறிது; கணினியின் வேகம் பெரிது. ஒருவர் அடுத்த எழுத்தைத் தட்டுவதற்குள் கணினி வேறு பலரின் வேலையைக் கவனித்துவிட்டு அவரிடம் திரும்பிவிடலாம். அவரோ அக்கணினி தமக்கே உரியது என்று எண்ணிக்கொள்வார். பெர்னாண்டோ கொர்பாட்டோவும் அவருடைய குழுவினரும் அதே நிறுவனத்தில் 1961 நவம்பரில் இம்முறையை இயக்கிக் காட்டினர்.

பின்னர் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மேலும் ஒரு படி சென்றனர். ஒரே கணினியைப் பல தனித்தனிக் கணினிகள் போலத் தோன்றச் செய்யும் மெய்நிகர் இயந்திர முறையை அவர்கள் 1960களில் வகுத்தனர். 1972இல் அந்நிறுவனம் அதனை விற்பனைக்கு அறிவித்தது. ஒரு பெரிய வீட்டைத் தடுப்புச் சுவர் எழுப்பிப் பல குடித்தனங்களுக்குக் கொடுப்பது போன்றதே இது. ஒரு குடித்தனத்தார் மறு குடித்தனத்தார் அறைக்குள் புகுதல் இயலாது. இன்றைய மேகக் கணிமையின் அத்திவாரம் இத்தடுப்புச் சுவரேயாகும்.

1980களில் மேசைக் கணினிகள் மலிந்தன. பகிர்ந்து பயன்படுத்திய காலம் போய், ஒவ்வொருவரும் தமக்கெனக் கிணறு தோண்டிய காலம் வந்தது. நிறுவனங்கள் சேவையகங்களை வாங்கி அறைகளில் நிரப்பின. அவற்றுட் பல நாளின் பெரும்பகுதி வேலையின்றிக் கிடந்தன. 1999இல் வி.எம்.வெயார் என்னும் நிறுவனம் மெய்நிகர் இயந்திர முறையை மலிவான சிறு கணினிகளுக்கும் கொண்டுவந்தது. அதே காலத்தில் இணையமும் உலகெங்கும் பரவிற்று. பகிர்தலுக்கு வேண்டிய பொறியும் பாதையும் இவ்வாறு ஒருங்கே அமைந்தன.

புத்தக வணிகர் திறந்த கடை

கணிமையைப் பொதுவிற்பனைக்குக் கொண்டுவந்து வெற்றி கண்டது, இணையத்திற் புத்தகம் விற்கத் தொடங்கி வளர்ந்த அமேசன் நிறுவனம் என்பது வியப்புக்குரியது. 2006 மார்ச்சில் அது சேமிப்பிடத்தை வாடகைக்கு விட்டது. ஒரு கிகாபைட் இடத்திற்கு மாதம் 15 அமெரிக்கச் சதம். அவ்வாண்டு ஓகஸ்டில் கணினியையே வாடகைக்கு விட்டது. மணிக்கு 10 சதம். அதற்கு முன் புதிதாகத் தொழில் தொடங்கும் ஓர் இளைஞன் முதலிற் சேவையகங்களை வாங்கப் பணம் தேடவேண்டியிருந்தது. அதன்பின் ஒரு தேநீர் விலைக்குச் சில மணிநேரம் கணினியை அமர்த்திக்கொள்ள இயன்றது. அதே ஓகஸ்டில் கூகிள் நிறுவனத்தின் தலைவராயிருந்த எரிக் ஷ்மிட் ஒரு மாநாட்டில் இம்முறையை மேகக் கணிமை என்று குறிப்பிட, அப்பெயர் பரவலாயிற்று. கூகிள் 2008இலும் மைக்ரோசொப்ட் 2010இலும் தத்தம் கடைகளைத் திறந்தன.

எதனை மேகக் கணிமை என்று கொள்வது? அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2011இல் ஐந்து இலக்கணங்களை வகுத்தது. வேண்டியவர் வேண்டிய நேரத்தில் தாமே பெற்றுக்கொள்ளல். வலையமைப்பின் வழியே எங்கிருந்தும் அணுகல். வளங்களைப் பலர்க்கும் பொதுவில் வைத்துப் பகிர்தல். தேவைக்கேற்ப விரைவிற் கூட்டவும் குறைக்கவும் இயலல். பயன்படுத்திய அளவை அளந்து காட்டல் என்பன அவை. நான்காவதன் பயனை ஓர் உதாரணத்தாற் காண்போம். பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் இலட்சக்கணக்கான மாணவர் ஒரே இணையத்தளத்தை நாடுவர். மறுவாரம் அங்கே ஆளிருக்காது. அந்த ஒரு நாளுக்காக நூறு கணினிகளை வாங்கி வைப்பது வீண் செலவு. ஒருநாள் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம்.

இன்று அமேசன், மைக்ரோசொப்ட், கூகிள் ஆகிய மூன்று நிறுவனங்களும் உலகின் மேகக் கணிமை வணிகத்தில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கைத் தம் கையில் வைத்துள்ளன. 2020இல் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிள்ளைகள் வீட்டிலிருந்தே பாடம் கேட்டதும் இத்தகைய நிலையங்களின் துணையாலேயாகும். கையடக்கமான தொலைபேசி ஒன்றுடன், கிராமத்து மாணவனும் பேராற்றல் படைத்த கணினியைப் பயன்படுத்த இயல்வது இந்நூற்றாண்டின் பெரும் பேறு என்பதில் ஐயமில்லை.

தீயும் இழப்பும்

எனினும், மேகத்தில் வைத்த பொருள் அழியாது என்று எண்ணுதல் பெரும் பேதைமை. 2021 மார்ச் 10ஆந் திகதி பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு நிலையம் ஒன்று தீக்கிரையாயிற்று. வாடிக்கையாளர் சிலருடைய மாற்றுப் பிரதிகளும் அங்கேயே வைக்கப்பட்டிருந்தமையால், மூலமும் பிரதியும் ஒருங்கே அழிந்தன. 2025 செப்டெம்பர் 26ஆந் திகதி தென்கொரியாவின் டேஜொன் நகரில், அரசாங்கத் தரவு நிலையத்தில் மின்கலங்கள் தீப்பற்றின. அரச ஊழியர் தம் அலுவல் ஆவணங்களைச் சேமித்து வந்த 858 டெராபைட் அளவான களஞ்சியம் வெளியே வேறு பிரதி இன்றி அழிந்தது.

பிற நாட்டுக் கதை என்று இதனைத் தள்ளுதல் வேண்டா. 2023 ஓகஸ்ட் 26ஆந் திகதி இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணிமைத் தொகுதி, கப்பம் கேட்கும் தீய மென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன. மே 17 முதல் அந்நாள் வரையிலான கடிதங்களுக்கு மாற்றுப் பிரதி இல்லாமையால் அவை மீளவில்லை.

அழிவு நேராவிடினும் தடங்கல் நேரலாம். 2025 ஒக்டோபர் 20ஆந் திகதி அமேசனின் வட வேர்ஜீனிய நிலையங்களில், பெயர்களை முகவரிகளுடன் இணைக்கும் அமைப்பு ஒன்று பிழைத்தது. அதனால் உலகெங்கும் எத்தனையோ சேவைகள் மணிக்கணக்கில் முடங்கின. பலர் ஒரே குழாயை நம்பியிருப்பின், அக்குழாய் அடைபடும் நாளில் ஊர் முழுவதும் தவிக்கும்.

ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருக்கும் செல்வம் எவ்வாறு அழியும் என்பதை நமக்குப் பிறர் சொல்லித் தரவேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் கிடையாத ஏடுகளும் இருந்தன. அவ்வேடுகளின் பிரதிகள் வேறிரண்டு ஊர்களில் இருந்திருப்பின், கட்டடம் எரிந்தும் கல்வி எரிந்திராது. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் இணைய நூற்களஞ்சியம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவிற் பேணி வருகின்றது. ஓர் ஏட்டைப் பத்து நாடுகளிற் பத்துப் பிரதிகளாக வைத்தல் இன்று எளிதாயிற்று. மேகக் கணிமை நமக்கு அளிக்கக்கூடிய தலையாய வரம் இதுவே. ஆனால் அவ்வரம் தானாக வந்து சேராது. வேறிடத்தில் வேறு பிரதி வைக்க ஒருவர் நினைந்து ஏற்பாடு செய்தல் வேண்டும்.

வருங்காலம்

வருங்காலத்தில் மேகக் கணிமை எதிர்நோக்கும் முதற் பிரச்சினை மின்சாரம். சர்வதேச எரிசக்தி முகவரகத்தின் கணிப்பின்படி, 2024இல் உலகத் தரவு நிலையங்கள் ஏறத்தாழ 41,500 கோடி அலகு மின்சாரத்தைச் செலவிட்டன. இது இலங்கை முழுவதும் ஓராண்டிற் செலவிடும் மின்சாரத்தின் இருபது மடங்குக்கு மேற்பட்டது. செயற்கை நுண்ணறிவின் வளர்ச்சியால் 2030இல் இத்தொகை இரு மடங்குக்கு மேல் ஆகலாம் என்றும் அம்முகவரகம் கூறுகின்றது. அயர்லாந்தில் 2023இலேயே நாட்டின் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு தரவு நிலையங்களுக்குச் சென்றது. மூடப்பட்டிருந்த அமெரிக்க அணுமின் உலை ஒன்றை மீண்டும் இயக்கி, அதன் மின்சாரத்தை இருபது ஆண்டுகளுக்குப் பெற 2024இல் மைக்ரோசொப்ட் உடன்படிக்கை செய்துகொண்டது.

இரண்டாவது, தூரம். தானே ஓடும் மோட்டார் வாகனம் தடையைக் கண்டதும், கடல் கடந்த கணினியிடம் யோசனை கேட்டுக் காத்திருத்தல் இயலாது. ஆதலின் அவசரமான கணிப்புகளைப் பயனாளரின் அண்மையிலேயே செய்து, ஏனையவற்றைப் பெரு நிலையங்களுக்கு அனுப்பும் முறை வளர்ந்து வருகின்றது. மூன்றாவது, உரிமை. நம் தரவு வேற்று நாட்டிற் கிடந்தால் எந்நாட்டுச் சட்டம் அதனைக் காக்கும்? ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2018இல் நடைமுறைக்கு வந்தன. இலங்கைப் பாராளுமன்றமும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தைத் தனியாள் தரவுகளின் பாதுகாப்பிற்கென நிறைவேற்றியது. இத்துறையிற் சட்டம் கற்கும் மாணவர்க்கும் விஞ்ஞானம் கற்கும் மாணவர்க்கும் ஒப்ப வேலை உண்டு.

இல்லத்தில் உள்ளோர் செய்யத்தக்கன சில உள. திருமணப் படங்கள், உறுதிகள், சான்றிதழ்கள் முதலியவற்றை மேகத்தில் வைப்பதோடு, தனி வட்டு ஒன்றிலும் பதிந்து பெட்டகத்தில் வைத்தல் வேண்டும். வெளிநாட்டில் உள்ள பிள்ளையிடம் இன்னொரு பிரதி இருத்தல் மேலும் நன்று. ஈராண்டு பயன்படுத்தப்படாத தனியார் கணக்குகளை நீக்கும் விதியைக் கூகிள் 2023 டிசெம்பரில் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. ஆகவே, வீட்டுப் பெரியவர் ஒருவர் காலமாகும் முன்னரே, அவருடைய கணக்கு எது, அதனை அவருக்குப்பின் யார் பேணுவது என்று பேசி முடிவு செய்துகொள்க. காணியுறுதியைப் பற்றிப் பேசும் நாம் இதனைப் பேசக் கூசுதல் ஆகாது.

குழாய்நீர் நல்லது, அதனை வேண்டாமென்பார் இலர். ஆயினும் குழாய் வந்துவிட்டது என்று வளவுக் கிணற்றைத் தூர்ப்பவன் அறிவுடையவன் ஆகான்.