வீடு கட்டுமுன் ஒரு தாள் எழுதுவோம்

யுத்தத்தின் பின் இந்திய வீடமைப்புத் திட்டத்தில் 550,000 ரூபா கட்டம் கட்டமாகக் கிடைத்தபோது, மேசனின் வாய்ப்பேச்சை நம்பி வேலை கொடுத்த பெண்கள் பலர். அவர்களின் வெடித்த சுவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சகோதரிகளே, வாய்ப்பேச்சும் ஒப்பந்தமே. ஆனால் 1871ஆம் ஆண்டுச் சட்டப்படி, அது மீறப்பட்டு 3 ஆண்டுக்குள் வழக்கிட வேண்டும். எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டு அவகாசம் உண்டு. ஆகவே அளவு, சீமெந்துக் கலவை, கூலி, முடிக்கும் திகதி எல்லாம் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

பிழை கண்டால் படமெடுத்து, எழுத்தில் அறிவியுங்கள். திருத்தாவிட்டால் மத்தியஸ்த சபைக்குச் செல்லலாம், சட்டத்தரணி தேவையில்லை. அங்கும் தீராவிட்டால், வசதியற்றோருக்கு நீதிமன்றம் செல்லச் சட்ட உதவி ஆணைக்குழு துணை நிற்கும்.

கடைசித் தவணைப் பணத்தை வேலையைச் சரிபார்த்த பின்பே கொடுங்கள்.