‘ஒன்றுமில்லை’ என்ற அறிக்கைக்குப் பின்னும் வலி தொடர்ந்தால்?

இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறது. உடல் மெலிகிறது. “கேஸ்ட்ரிக்காக இருக்கும்” என்று மருந்துக்கடை மாத்திரையோடு மாதங்கள் ஓடுகின்றன. பிறகு எண்டோஸ்கோப்பி செய்கிறார்கள். புண் இல்லை, கட்டி இல்லை. கிள்ளி எடுத்த சதையிலும் புற்றுநோய் இல்லை என்று அறிக்கை வருகிறது. குடும்பமே நிம்மதி அடைகிறது.

பெரும்பாலோருக்கு அந்த நிம்மதி நியாயமானதே. ஆனால், இந்த இரண்டு சோதனைகளையும் ஏமாற்றக்கூடிய அரிய புற்றுநோய் ஒன்று இருக்கிறது. லினைட்டிஸ் பிளாஸ்டிகா என்பது அதன் பெயர். இரைப்பை தோல் குடுவையைப் போல விறைத்துப்போவது இதன் அடையாளம்.

கட்டியாகத் திரளாத நோய்

பின்லாந்து நாட்டு நோயியல் நிபுணர் பெக்கா லவுரேன் 1965இல் இரைப்பைப் புற்றுநோயை இரு பெரும் வகைகளாகப் பிரித்தார். ஒரு வகையில் உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சுரப்பி போன்ற வடிவில் வளர்கின்றன. மற்றதில் ஒட்டாமல் தனித்தனியாகச் சிதறிப் பரவுகின்றன. இந்த இரண்டாம் வகையின் கடுமையான வடிவமே லினைட்டிஸ் பிளாஸ்டிகா.

இரைப்பைச் சுவர் பல அடுக்குகள் கொண்டது. இந்த உயிரணுக்கள் உட்சவ்வுக்கு அடியில் ஊர்ந்து, தசை அடுக்கு வரை ஊடுருவுகின்றன. அவற்றைச் சுற்றி நார்த்திசு பெருகி, சுவர் தடித்து இறுகுகிறது. உணவு வந்தால் விரிய வேண்டிய இரைப்பை விரிவதில்லை. இரண்டு வாயிலேயே வயிறு நிறைவது இதனால்தான்.

சாயம் பூசிய மரக்கதவை மேலாகச் சுரண்டினால் உள்ளே அரிக்கும் கரையான் தெரியுமா? எண்டோஸ்கோப்பியின் சிறு இடுக்கி பெரும்பாலும் மேல்சவ்வையே கிள்ளுகிறது. அறிக்கை பொய் சொல்லவில்லை. எடுத்த துண்டில் நோய் இல்லை, அவ்வளவுதான்.

படம் காட்டும் தடயம்

எண்டோஸ்கோப்பியின்போது காற்று செலுத்தியும் இரைப்பை விரியாவிட்டால் அதுவே முதல் எச்சரிக்கை. பேரியம் குடித்து எடுக்கும் எக்ஸ்ரேயில் இரைப்பை குறுகி, அசைவற்ற குழாய் போலத் தெரியும். சி.டி. ஸ்கேனில் சுவரின் தடிப்பு தெரியும். ஆனால், தண்ணீராலோ வாயுவாலோ இரைப்பையை நன்றாக விரித்த பிறகே படம் எடுக்க வேண்டும். சுருங்கிய இரைப்பையில் நல்ல சுவரும் தடிப்பாகத் தோன்றும்.

எண்டோஸ்கோப்பி முனையிலிருந்து எடுக்கும் அல்ட்ராசவுண்ட், எந்த அடுக்கு தடித்திருக்கிறது என்று காட்டும். அதன் துணையோடு ஆழத்திலிருந்து திசு எடுக்கலாம். பெட் ஸ்கேனில் இந்த நோய் சில வேளைகளில் ஒளிராமலே இருந்துவிடும். வயிற்று உறையில் தூவிய மணல்போலப் பரவிய நோய் சி.டி.யிலும் தப்பலாம். அதனால்தான் அறுவைக்கு முன் லேப்ராஸ்கோப்பி மூலம் நேரில் பார்க்கிறார்கள்.

நுண்நோக்கியில் ஒரு மோதிரம்

இந்த நோயில் பெரும்பாலும் காணப்படும் உயிரணு முத்திரை மோதிரம் போன்றது. உள்ளே நிறையும் சளிப்பொருள் உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது. நார்த்திசுவுக்குள் ஒன்றிரண்டாக ஒளிந்திருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். சந்தேகம் வந்தால் சிறப்புச் சாயங்களால் அவற்றைத் துலக்குகிறார்கள். இரைப்பையில் வரும் லிம்போமாவும் சுவரைத் தடிக்க வைக்கும். அதற்கான சிகிச்சை வேறு என்பதால், இரண்டையும் பிரித்தறிவது உயிர் காக்கும் வேலை.

குடும்பத்தில் தொடர்ந்தால்

1998இல் நியூசிலாந்தின் மாவோரி குடும்பங்களில் நடந்த ஆய்வு, பரம்பரையாக வரும் சிதறிப் பரவும் வகைக்குக் காரணமான சி.டி.எச்.1 மரபணுக் கோளாற்றைக் கண்டறிந்தது. உயிரணுக்களை ஒட்டவைக்கும் புரதத்தை உருவாக்கும் மரபணு அது. இக்கோளாறு உள்ள பெண்களுக்கு ஒருவகை மார்பகப் புற்றுநோய் அபாயமும் உண்டு. நெருங்கிய உறவினரில் இளம் வயதிலேயே இந்த நோய் வந்திருந்தால், மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வயிற்றுவலி எல்லாம் புற்றுநோய் அல்ல. ஆனால் எடை குறைவது, சிறிது உண்டதும் வயிறு நிறைவது, ஓயாத வாந்தி, கறுப்பு மலம் ஆகியவை தொடர்ந்தால், பழைய அறிக்கையை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது. மீண்டும் போய், “இரைப்பை நன்றாக விரிந்ததா? ஆழத்திலிருந்து திசு எடுக்க வேண்டுமா?” என்று கேட்க வேண்டும். அறிக்கை சொல்வதும் உடல் சொல்வதும் ஒத்துப்போகாதபோது, உடலின் பேச்சையும் கேட்பதே விவேகம்.