எடையால் மட்டும் அளக்கப்படும் கஞ்சா

கேரளத் தலைநகரின் தம்பானூரில் ரயில் நிலையமும் அரசுப் பேருந்து நிலையமும் எதிரெதிரே அமைந்திருப்பதால், ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் விளைந்து ரயிலேறி வரும் கஞ்சாவைத் தடுக்க முனையும் ரயில்வே பாதுகாப்புப் படைக்கும், எக்சைஸ் என்று மக்கள் அழைக்கும் கலால் துறைக்கும் அது கண் அயர முடியாத இடமாகிறது. வாசம் வெளிவராதபடி அழுத்திக் கட்டிப் பழுப்பு ஒட்டுநாடா சுற்றிய பொட்டலங்கள் ஒரு பெட்டியின் இருக்கைக்கு அடியில் கிடக்க, கொண்டுவருபவர் வேறு பெட்டியில் உட்கார்ந்து பயணம் செய்வதால், பல வேளைகளில் சிக்குவது உரிமை கோர ஆளில்லாத பை மட்டுமே.

சரக்கைத் தடுப்பது ஒருபுறமிருக்க, மக்கள் கஞ்சாவைப் பார்க்கும் விதம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. அமெரிக்காவில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாம் என்போர் 1969இல் 12 சதவீதமாக இருந்து 2023இல் 70 சதவீதமாக உயர்ந்ததை கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்புகள் காட்டுகின்றன. கேரளத்திலோ பொதுமனம் அவ்வாறு ஒரே திசையில் நகரவில்லை. ஆய்வுக்கூடத்தில் தயாராகும் எம்டிஎம்ஏ போன்ற செயற்கைப் போதைப்பொருள்கள் பரவியதும், 2025 மார்ச்சில் களமசேரி பாலிடெக்னிக் விடுதியில் ஏறத்தாழ 2 கிலோ கஞ்சா பிடிபட்டதும் பெற்றோரின் அச்சத்தைக் கூர்மையாக்கின. ஆனால் அடுத்த மாதமே ராப் பாடகர் வேடன் சுமார் 6 கிராம் கஞ்சாவுடன் கைதாகிப் பிணையில் வெளிவந்தபோது, அதே கேரளத்தில் திரளான இளைஞர் அவர் பக்கம் நின்றனர். ரத்து செய்யப்பட்டிருந்த இடுக்கி அரசு விழா நிகழ்ச்சியில் சில நாள்களிலேயே அவர் மீண்டும் பாடினார். கஞ்சா தீங்கானது என்ற எண்ணம் அதனால் தளர்ந்துவிட்டது என்று கொள்வது பிழை. அங்கே தளர்ந்தது, அதைத் தொட்டவர் வாழ்நாள் முழுதும் ஒதுக்கப்பட வேண்டியவர் என்ற எண்ணமே.

முன்பெல்லாம் இந்தியாவில் கஞ்சா குற்றப்பொருளாக இருந்ததில்லை. 1893-94இல் ஆங்கிலேய அரசு அமைத்த இந்தியச் சணல்போதை ஆணையம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த பின், மிதமான பயன்பாட்டால் பெருந்தீங்கு இல்லை என்றும், முற்றிலும் தடை செய்வதைவிட வரி விதித்துக் கட்டுப்படுத்துவதே தக்கது என்றும் கூறியது. சித்த மருத்துவம் இதே செடியைச் சிவமூலி என்ற பெயரில் மருந்துச் சரக்காகக் கொண்டுள்ளது. 1961ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை மருத்துவத்துக்கு வெளியேயான பயன்பாட்டை நிறுத்த 25 ஆண்டு அவகாசம் தந்தது. அந்த நெருக்கடியின் விளைவாகவே 1985இல் என்டிபிஎஸ் எனப்படும் போதைப்பொருள், உளமருட்சிப் பொருள் தடுப்புச் சட்டம் பிறந்தது. இச்சட்டம் கஞ்சா என்று கருதுவது செடியின் பூக்கதிரையே. கதிரோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வாரா, இலையால் செய்யும் பாங்கு தப்பியது அவ்வழியே.

இச்சட்டத்தில் 1 கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. முன்னதற்கு ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்; பின்னதற்குக் குறைந்தது பத்தாண்டுச் சிறை. ஒரு கிலோவுக்குக் குறைவாக எடுத்துச் சென்று பிடிபட்டால் பிணை எளிதில் கிடைப்பதால், விற்பவர்கள் சரக்கைச் சிறு சிறு பொதிகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள் என்பது கேரளத்தில் நீண்ட காலமாக ஒலிக்கும் குறை.

ஆயினும் சிறு அளவின் எடை வரம்பைக் குறைத்துவிட்டால் மட்டும் சிக்கல் தீராது. கஞ்சா எவ்வளவு வீரியமானது என்பதைச் சட்டம் பார்ப்பதே இல்லை. போதையைத் தருவது டிஎச்சி என்னும் வேதிப்பொருள். மண்ணில்லாமல் சத்துநீரிலும் மின்விளக்கொளியிலும் வளர்க்கும் ஹைப்ரிட் கஞ்சாவில் அது மலைச்சரிவுகளில் விளையும் நாட்டுக் கஞ்சாவைவிடப் பெரும்பாலும் மிக அதிகம். டிஎச்சி மிகுந்த வகையை நாள்தோறும் பயன்படுத்துவோருக்கு மனச்சிதைவு போன்ற கடும் உளநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என ஐரோப்பிய நகரங்களில் நடந்த ஓர் ஆய்வு 2019இல் தெரிவித்தது. 2022 ஜூனில் தாய்லாந்து கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியதும், பாங்காக்கிலிருந்து வரும் விமானப் பயணிகளின் பைகளில் இந்த ஹைப்ரிட் சரக்கு கேரளத்தின் நெடும்பாசேரி விமான நிலையத்தில் அடிக்கடி பிடிபடலாயிற்று. சட்டபூர்வமாக்குவது பற்றி விவாதிப்போர் ஒரு நாட்டின் தளர்வு இன்னொரு நாட்டின் வாசலுக்கு இவ்வாறு வந்து சேர்வதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். 2025இல் தாய்லாந்தே மருத்துவரின் சீட்டு இல்லாமல் பூவை விற்கக்கூடாது என்று பின்வாங்கியது.

இந்தியாவின் என்டிபிஎஸ் சட்டம் தண்டனையை மட்டும் பேசவில்லை. அதன் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையாகிச் சிறு அளவு வைத்திருந்தவரோ பயன்படுத்தியவரோ தாமே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சையை முழுமையாகப் பெற்றால், வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. கேரள அரசு 2016இல் தொடங்கிய விமுக்தி திட்டம் போதை மீட்புச் சிகிச்சை மையங்களையும் நடத்துகிறது. இருந்தும் மகனை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால் வழக்கு வந்துவிடுமோ, ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்றஞ்சிக் குடும்பங்கள் நாள் கடத்துகின்றன. தண்டனையைப் பற்றி அறிவிக்கும் ஒவ்வொரு பலகையிலும் இப்பிரிவும் மலையாளத்திலும் தமிழிலும் எழுதப்பட்டால், அந்தத் தயக்கத்தில் கழியும் மாதங்களேனும் மிஞ்சும்.