நாய்க்குப் பெயரிடுதல்: இன இயல்பும் அழைக்கும் பெயரும்

வளர்ப்பு நாயைக் கூப்பிடவும் பழக்கவும் பிற நாய்களிலிருந்து பிரித்து அறியவும் வைக்கப்படும் சொல் நாயின் பெயர் ஆகும். தமிழ்நாட்டில் மணி, ஜிம்மி, டைகர், டாமி ஆகிய நான்கும் தலைமுறைகளாகப் புழங்கி வருகின்றன. இவற்றில் குறை ஒன்றுமில்லை. ஆனால் ஒரு தெருவில் மூன்று ஜிம்மிகள் இருந்தால் யாரைக் கூப்பிட்டாலும் மூன்றும் காதை உயர்த்தும். நாயின் இனம் எந்த வேலைக்காக வளர்க்கப்பட்டது, அதன் உடல் எப்படி அமைந்தது என்று பார்த்துப் பெயர் வைக்கும் முறை இன்னொன்று. இம்முறையின் பயன் பெயரோடு நிற்பதில்லை. பெயர் தேடும் சாக்கில், வீட்டுக்கு வந்திருக்கும் விலங்கு எப்படிப்பட்டது என்று வளர்ப்பவர் தெரிந்துகொள்கிறார்.

பழைய வழக்கம்

இவ்வாறு பெயரிடுவது புதிதன்று. கிரேக்க எழுத்தாளர் செனபோன் வேட்டை பற்றி எழுதிய நூலில், எளிதாகக் கூப்பிடும்படி நாய்களுக்குச் சிறிய பெயர் வைக்கச் சொல்லி, நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்களைப் பட்டியலிடுகிறார். காவலன் என்று பொருள்படும் பிலாக்ஸ் அவற்றுள் ஒன்று. ஒடிசி காவியத்தில், இருபது ஆண்டு கழித்து மாறுவேடத்தில் திரும்பும் தலைவனை அடையாளம் காணும் நாயின் பெயர் ஆர்கோஸ். விரைவு, ஒளி என்னும் பொருள்கள் அச்சொல்லுக்கு உண்டு. 1957 நவம்பர் 3 அன்று ஸ்புட்னிக் 2 விண்கலத்தில் அனுப்பப்பட்ட லைக்காவின் பெயருக்கு ரஷ்ய மொழியில் 'குரைப்பது' என்று பொருள். அந்நாட்டில் ஒரு வகை வேட்டை நாய்களுக்கும் அதுவே பெயர். அந்த நாயோ மாஸ்கோ தெருவில் பிடிக்கப்பட்ட கலப்பினம்.

தமிழ்நாட்டு இனங்கள்

நம் நாட்டு இனங்கள் பெரும்பாலும் ஊர்ப் பெயரால் அறியப்படுகின்றன. கோம்பை, தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர். அவ்வூர்ப் பெயர் கொண்ட நாய் செம்பழுப்பு நிறமும் கரிய வாயும் உடையது. காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் பெயர் பெற்றது. இதற்குச் செம்பன், செவலை, வேங்கை போன்ற பெயர்கள் பொருந்தும். காளைக்கும் பசுவுக்கும் நிறம் சொல்ல உழவர் வைத்திருக்கும் செவலை, மயிலை, காரி முதலிய சொற்கள் நாய்க்கும் நன்றாகவே உதவும். அவற்றை இருக்கவிட்டு ஆங்கிலத்தில் 'பிரௌனி' என்று தேடிப்போவதேன் என்பது எனக்கு விளங்குவதில்லை.

சிப்பிப்பாறை, விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர். அங்குப் பெயர் பெற்ற நாய்க்கு நீண்ட கால், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு. இது மோப்பத்தைவிடக் கண்ணையே நம்பி முயலைத் துரத்தும் வகை. மின்னல், அம்பு, கணை, சூறை என்று எத்தனையோ பெயர்கள் நினைவுக்கு வரும். ஆனால் பெயர் வைத்துவிட்டு என்ன செய்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை என்ற வேலை இந்த நாய்க்கு இல்லை. வேலை போனதே தவிர ஓடும் உடல் போகவில்லை. மின்னல் என்று பெயரிட்டு அடுக்குமாடி வீட்டின் பால்கனிக் கம்பியில் நாள் முழுதும் கட்டிவைத்தால், அந்த நாய் கம்பியைக் கடிக்கும், ஊளையிடும், சில வேளை தன் காலையே நக்கிப் புண்ணாக்கிக் கொள்ளும். 'கெட்ட நாய்' என்று அதைத் திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு. நாள்தோறும் வேலியிட்ட திறந்த வெளியில் ஓடவிட இயலுமா என்பதைப் பெயருக்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

கன்னி நாய் சிப்பிப்பாறைக்கு நெருங்கிய உறவு. கரிய உடலில் கால், மார்பு, முகம் ஆகிய இடங்களில் செம்பழுப்பு இருக்கும். மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால் இப்பெயர் வந்தது என்று சொல்வர். புதியவரைக் கண்டால் ஒதுங்கும் கூச்சம் இதற்கு உண்டு. கண்களுக்கு மேல் இரு செம்புள்ளிகள் தெரியும் நாய்க்குப் 'பொட்டு' என்ற பெயர் எவ்வளவு பொருத்தம்! கூச்சமுள்ள நாய்க்கு 'ரௌடி' என்று பெயரிட்டால், வருகிறவர்களெல்லாம் அதைச் சீண்டிப் பார்ப்பார்கள்.

ராஜபாளையம் நாய் 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல்தலைகளுள் ஒன்றில் இடம்பெற்றது. பால் வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு. முத்து, பனி, மல்லி என்று பெயர் வைக்கலாம். சங்கும் வெள்ளைதான், ஆனால் 'சங்கு' என்று கூப்பிட்டால் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். சங்கு ஊதும் இடம் எது என்பது அவர்களுக்குத் தெரியும்.

பெயர் காதில் விழாத குட்டி

ராஜபாளையம் இனத்தில் பெயருக்கு முன் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. முழு வெள்ளை நிறமுள்ள நாய்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை. நிறம் தரும் அணுக்கள் உட்காதிலும் தேவைப்படுகின்றன. அவை அங்கு இல்லாமற்போனால் கேட்கும் நரம்பு முனைகள் சிதைந்துவிடுகின்றன. டால்மேஷன் போன்ற வேறு இனங்களிலும் இக்குறை காணப்படுகிறது. இது தெரியாமல், 'பத்து முறை கூப்பிட்டும் திரும்பவில்லை, திமிர்' என்று குட்டியை அடிப்பவர்கள் உள்ளனர்.

சோதிப்பது கடினமன்று. ஐந்தாறு வாரக் குட்டி மற்ற குட்டிகளை விட்டுத் தனியே, முதுகு காட்டி இருக்கும்போது சாவிக்கொத்தைக் குலுக்க வேண்டும். கைதட்டினால் காற்றின் அசைவையோ, காலால் தட்டினால் தரையின் அதிர்வையோ உணர்ந்து அது திரும்பக்கூடும் என்பதால் இந்த முன்னெச்சரிக்கை. ஐயமிருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டலாம். ஒரு காது மட்டும் கேளாத குட்டியை வீட்டுச் சோதனையில் கண்டறிவது அரிது. காது கேளாத நாய்க்கும் பெயர் உண்டு. அது கையசைவாக இருக்கும். விரல்களை மார்பருகே விரித்து மூடுவது போன்ற ஒரே சைகையை வீட்டார் அனைவரும் காட்ட, அது தன்னைக் குறிக்கிறது என்று நாய் கற்றுக்கொள்ளும். அதைப் பின்னாலிருந்து திடீரெனத் தொடக்கூடாது. தெருவில் வாரின்றி விடவும் கூடாது.

அழைக்கும் வடிவம்

பெயரின் பொருள் நமக்கு, ஒலிதான் நாய்க்கு. தமிழில் ஒருவரை அழைக்கும்போது பெயர் உருமாறும். எட்டாம் வேற்றுமையாகிய விளி வேற்றுமையைப் பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்தவர்களுக்கு அதை நினைவுபடுத்த நாய் நல்ல சாக்கு. செம்பன் 'செம்பா' ஆகும், வீரன் 'வீரா' ஆகும், மணி 'மணீ' என நீளும். இப்படி உயிரெழுத்தில் முடியும் பெயரைத் தூரத்திலிருந்து நீட்டிக் கூப்பிடலாம். அம்மா 'செம்பா', மகன் 'செம்பன்', தாத்தா 'டேய் செம்பு' என்று ஆளுக்கொரு விதமாகக் கூப்பிட்டால் குட்டி குழம்பும். ஆகவே பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது எழுதிப் பார்ப்பதைவிட, தோட்டத்தின் மறுகோடியில் நின்று கத்திப் பார்ப்பது மேல். இரண்டு அசைக்குள் முடிந்தால் சிறப்பு. 'வல்லூறு' தாளில் அழகாக இருக்கும், வாயில் நிற்காது.

கட்டளைச் சொற்களோடு பெயர் மோதவும் கூடாது. நம் வீடுகளில் தமிழரும் 'சிட்', 'நோ', 'கம்' என்றே நாயிடம் பேசுகின்றனர். எனவே வேகமான சிப்பிப்பாறைக்கு இயல்பாகத் தோன்றும் 'சிட்டு' என்ற இனிய பெயர் அங்கே உதவாது. கூப்பிடும்போதெல்லாம் பாவம் அது உட்காரும். 'வா' என்று அழைக்கும் வீட்டில் 'வாசு' இடைஞ்சல், 'நோ' சொல்லும் வீட்டில் 'ஜோ' இடைஞ்சல். வீட்டுப் பிள்ளைகளின் செல்லப் பெயரையும் ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரே வகுப்பில் நான்கு செல்விகளை வைத்து வருகைப் பதிவு எடுத்தவர்களுக்கு இது தனியே சொல்ல வேண்டியதில்லை.

மனிதரைப் புண்படுத்தும் பெயர்

பகையாளியின் பெயரை நாய்க்கு வைத்துத் தெருவில் உரக்கக் கூப்பிடும் கெட்ட வழக்கம் நம்மிடையே உண்டு. அடிதடியில் முடிவதும் உண்டு. சாதிப் பெயரையோ ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரையோ வைப்பது அதனினும் இழிவு. நாய்க்கு அது வெறும் ஒலி, கேட்கும் மனிதருக்கு அப்படியன்று. கரிய நாய்க்குக் கருப்பன் என்பது பழைய பெயர்தான். ஆயினும் அது காவல் தெய்வத்தின் பெயரும், பல குடும்பங்களில் தாத்தாவின் பெயரும் ஆகும். அக்கம்பக்கத்தில் அப்பெயருடையவர் இருந்தால் 'காரி' என்று மாற்றிக்கொள்ளலாம். பைரவரின் வாகனம் நாய் என்பதால் 'பைரவா' என்ற பெயருக்குப் பொதுவாக எதிர்ப்பில்லை. 'கில்லர்' போன்ற பெயர்களைத் தவிர்ப்பது நல்லது. அப்பெயரைக் கேட்ட தபால்காரர் கல்லோடு வருவார், கல்லைக் கண்ட நாய் குரைக்கும், பிறகு பெயர் மெய்யாகிவிடும்.

பிற இனங்களும் தெருநாய்களும்

லாப்ரடாரின் முன்னோர் நியூபவுண்ட்லாந்து மீனவர்களுக்கு வலை இழுக்க உதவியவை. தண்ணீரைக் கண்டால் குதிக்கும் அதற்கு 'அலை' பொருந்தும். டாக்ஸ்ஹுண்ட் என்ற ஜெர்மன் சொல்லுக்கு வளைக்கரடி நாய் என்று பொருள். குட்டைக் காலால் வளை தோண்டும் அதற்கு 'நண்டு' என்று பெயரிட்டால் பிள்ளைகள் மகிழ்வார்கள்.

இனம் தெரியாத தெருக்குட்டியிடம் இன இயல்பைத் தேட முடியாது. அதனிடமே கேட்க வேண்டும். ஒரு வாரம் 'குட்டி' என்றே கூப்பிட்டுவிட்டு, எதைக் கண்டால் ஓடுகிறது, எங்கே படுக்கிறது, சோற்றை எப்படிப் பார்க்கிறது என்று கவனித்தால் பெயர் தானே வரும். உயர்ந்த இனக் குட்டிக்கும் இந்த ஒரு வாரம் தேவை. எல்லாக் கோம்பையும் வேங்கை அல்ல.

பழக்குதலும் பதிவும்

பெயரை ஒரு முறை சொல்லி, குட்டி திரும்பியதும் சிறு தின்பண்டம் கொடுக்க வேண்டும். திட்டும்போது பெயரைச் சொல்லக்கூடாது. சொன்னால், அடுத்த முறை கூப்பிடும்போது அது கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும். வெறிநோய்த் தடுப்பூசி அட்டையிலும், உரிமம் பெற வேண்டிய மாநகராட்சிகளில் உரிமத்திலும் வாயால் கூப்பிடும் அதே வடிவத்தைப் பதியலாம். 'செம்பா' என்று வளர்ந்த நாய் தொலைந்துபோனால், கண்டெடுத்தவர் 'செம்பன்' என்று கூப்பிட்டுப் பார்த்துப் பயனில்லை.