எண்ணெய் ரோஜா இரகங்களின் நீண்டகால விளைதிறன்

நறுமண எண்ணெய்க்காகச் சாகுபடி செய்யப்படும் ஒரு ரோஜா இரகம், நட்ட ஆண்டு முதல் தோட்டம் அழிக்கப்படும் ஆண்டு வரை மொத்தமாகத் தரும் பூவின் எடையையும் எண்ணெயின் அளவையும் அந்த இரகத்தின் நீண்டகால விளைதிறன் என்கிறோம். நெல்லிலோ கடலையிலோ ஒரு பருவத்தின் மகசூலைப் பார்த்தே இரகத்தை எடைபோட்டுவிடலாம். ரோஜா அப்படியல்ல. முதல் இரண்டு ஆண்டுகள் சொல்லிக்கொள்ளும்படி வருமானம் இருக்காது. ஆனால் நன்கு பராமரித்தால் ஒரே தோட்டம் 25, 30 ஆண்டுகள் வரை பூக்கும். நான்காம் ஆண்டில் முன்னணியில் நிற்கும் இரகம் பன்னிரண்டாம் ஆண்டில் பின்தங்கிப் போவதும் உண்டு.

பயிரும் பூர்வீகமும்

உலகில் ரோஜா எண்ணெய்க்காகப் பயிரிடப்படும் முதன்மையான இனம் டமாஸ்க் ரோஜா. பல்கேரியாவின் கசன்லாக் பள்ளத்தாக்கு, துருக்கியின் இஸ்பார்த்தா, ஈரானின் காஷான் வட்டாரம், இந்தியாவில் கன்னோஜ் ஆகியவை இதற்குப் பெயர்பெற்ற இடங்கள். பிரான்சின் கிராஸ் நகரைச் சுற்றி விளையும் மே ரோஜா வேறு இனம். அதன் பூவிலிருந்து பெரும்பாலும் கரைப்பான் மூலமே நறுமணச் சாறு எடுக்கப்படுகிறது.

டமாஸ்க் ரோஜா மூன்று ரோஜா இனங்களின் கலப்பில் பிறந்தது என்று மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. கலப்பினம் என்பதால் விதையிலிருந்து முளைக்கும் செடி தாய்ச்செடியைப் போல இருப்பதில்லை. எனவே நூற்றாண்டுகளாகத் தண்டுத் துண்டுகளைக் கொண்டே இது பெருக்கப்பட்டு வந்துள்ளது. இதன் விளைவு வியப்பானது. பல்கேரியாவிலும் துருக்கியிலும் எண்ணெய்க்காக வளரும் டமாஸ்க் செடிகள் ஏறத்தாழ முழுவதும் ஒரே மரபணு வகையைச் சேர்ந்தவை, அதாவது ஒரே செடியின் நகல்கள். இஸ்பார்த்தாவில் இஸ்மாயில் எஃபெந்தி என்பவர் 1888இல் நாற்று நட்டு 1892இல் முதல் எண்ணெயை வடித்தார். அந்தச் செடிகள் பல்கேரியாவிலிருந்து வந்தவை என்ற வரலாற்றை ஆய்வும் உறுதிசெய்கிறது. மரபு வேறுபாடு மிகுந்து காணப்படுவது ஈரானில்தான்.

இரண்டு வயல்களின் மகசூலை ஒப்பிடும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். செடிகள் ஒரே நகலாக இருந்தால், வேறுபாட்டுக்குக் காரணம் இரகமாக இருக்க முடியாது. மண், வயது, கவாத்து, நோய் ஆகியவற்றில்தான் அதைத் தேட வேண்டும்.

ஒரு கிலோ எண்ணெயின் கணக்கு

ஒரு கிலோ எண்ணெய் வடிக்க ஏறத்தாழ 3,000 முதல் 4,000 கிலோ பூ வேண்டும். ஒரு பூ சராசரியாக 2.5 கிராம் என்று கொண்டால், 3,500 கிலோ என்பது 14 இலட்சம் பூக்கள். அத்தனையும் கையால் பறிக்கப்படுபவை. அதுவும் விடியற்காலையில் பறிக்க வேண்டும். வெயில் ஏற ஏற இதழிலுள்ள எண்ணெய் ஆவியாகிக் குறைந்துவிடும். பறித்த பூவைச் சாக்கில் அடைத்து வெகுநேரம் வைத்தாலும் உள்ளே சூடேறி இழப்பு நேரும்.

ஆகவே பூவின் எடை மட்டும் இரகத்தின் தரத்தைச் சொல்லாது. எடுத்துக்காட்டாக, ஓர் இரகம் எக்டேருக்கு 4,000 கிலோ பூவும் 0.03 விழுக்காடு எண்ணெயும் தருகிறது என்று கொள்வோம். அதன் எண்ணெய் 1.2 கிலோ. மற்றோர் இரகம் 3,000 கிலோ பூவே தந்தாலும் அதில் 0.045 விழுக்காடு எண்ணெய் இருந்தால் 1.35 கிலோ கிடைக்கும். பறிப்புக் கூலியும் 1,000 கிலோவுக்கு மிச்சம். ஆனால் பூவை எடைக்கு விற்கும் உழவருக்கு முதல் இரகமே ஆதாயம், வடிப்பாலை நடத்துபவருக்கு இரண்டாவது ஆதாயம். எந்த இரகம் பரவுகிறது என்பதை இந்த முரண்பாடு பல சமயங்களில் தீர்மானித்துவிடுகிறது.

எண்ணெய் விழுக்காட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆய்வுக்கூடத்தில் கிளெவெஞ்சர் கருவியில் சிறிதளவு பூவை வடித்துப் பெறும் அளவு, ஆலையின் பெரிய கொப்பரையில் கிடைப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆலையில் எண்ணெயின் பெரும்பகுதி முதல் வடிப்பில் மிதப்பதில்லை, வடிநீரில் கலந்துவிடுகிறது. அந்த நீரை மீண்டும் வடித்தே அதைப் பிரிக்கிறார்கள். பினைல் எத்தில் ஆல்கஹால் என்னும் மணப்பொருள் அதன் பிறகும் பெரும்பாலும் நீரிலேயே தங்கிவிடும். பன்னீர் மணப்பது அதனால்தான்.

வயதும் மகசூலும்

நட்ட மூன்றாம் ஆண்டில் முதல் அறுவடை தொடங்கும். நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் புதர் முழு வளர்ச்சி அடைந்து, அடுத்த சில ஆண்டுகள் உச்ச மகசூல் தரும். பத்தாம் ஆண்டை நெருங்கும்போது தண்டுகள் முதிர்ந்து, பட்டை தடித்து, நுனிகள் காயத் தொடங்கும். பூக்கள் எண்ணிக்கையிலும் எடையிலும் குறையும். செடி செத்துவிட்டதாக இதற்குப் பொருள் இல்லை. தண்டுக்குத்தான் மூப்பு, தூருக்கு அல்ல.

இந்தக் கட்டத்தில் புதரைத் தரைமட்டத்துக்கு வெட்டிவிடுவது வழக்கம். அடித்தூரிலிருந்து புதிய போத்துகள் கிளம்பும். சென்ற ஆண்டுகளில் வளர்ந்த தண்டிலிருந்து வசந்தத்தில் எழும் பக்கக் கிளைகளில்தான் டமாஸ்க் ரோஜா பூக்கிறது. ஆகவே வெட்டிய ஆண்டில் மகசூல் இல்லை, அடுத்த ஆண்டிலும் குறைவு. பிறகு இளமையான புதர் பழையபடி பூக்கும். இந்த இழப்புக்கு அஞ்சி வெட்டாமல் விடுபவர்கள் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக அதைவிடக் கூடுதலாக இழக்கிறார்கள். தோட்டத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து வெட்டினால் ஒரே ஆண்டில் வருமானம் அற்றுப்போகாது.

நடும் முறையும் இங்கே முக்கியமாகிறது. பல்கேரியாவின் பழைய முறையில், முதிர்ந்த தோட்டத்தின் தண்டுகளை வெட்டி நீண்ட பள்ளத்தில் கிடையாக அடுக்கி மண் மூடுவார்கள். வேலிபோல் அடர்ந்த வரிசை எழும். செடி சொந்த வேரில் நிற்பதால் தரையோடு வெட்டினாலும் அதே இரகமே துளிர்க்கும். காட்டு ரோஜாவை வேர்ச்செடியாக வைத்து ஒட்டுக்கட்டிய நாற்று சீராகவும் விரைவாகவும் வளரும். ஆனால் ஒட்டுக்குக் கீழே வெட்டுப்பட்டால் முளைப்பது காட்டு ரோஜாதான். பழைய தண்டை நடும் முறையின் குறை, அதனுள் இருக்கும் தண்டுத்துளைப்பானும் நோயும் புதிய வயலுக்கு உடன் வந்துவிடுவது.

துரு நோயும் கரும்புள்ளி நோயும் கோடையில் இலையை உதிர்க்கின்றன. அப்போது அறுவடை முடிந்திருக்கும் என்பதால் பலர் கண்டுகொள்வதில்லை. ஆனால் அடுத்த ஆண்டின் பூவுக்கான உணவை அந்த இலைகளே சேமிக்கின்றன.

இரகத் தேர்வு

கசன்லாக்கில் 1907இல் ரோஜா ஆய்வுத் தோட்டம் நிறுவப்பட்டது. இன்றைய ரோஜா மற்றும் நறுமணத் தாவர நிறுவனம் அதன் தொடர்ச்சி. பல்கேரியாவில் உருவான இரகங்களில் இஸ்க்ரா, ஸ்வெழென், எலெய்னா, யானினா ஆகியவை குறிப்பிடத்தக்கவை. இந்தியாவில் லக்னோவிலுள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் நூர்ஜஹான், ராணிசாஹிபா ஆகிய இரகங்களையும், பாலம்பூரிலுள்ள இமாலய உயிர்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஜ்வாலா, ஹிம்ரோஸ் ஆகியவற்றையும் வெளியிட்டன. ஜ்வாலா தாழ்ந்த பகுதிகளுக்கும் ஹிம்ரோஸ் குளிர்ந்த உயர்மலைகளுக்கும் ஏற்றது. நூர்ஜஹான் என்ற பெயருக்குப் பின்னால் மொகலாய வரலாறு இருக்கிறது. எனினும் ரோஜா அத்தரைக் கண்டறிந்த பெருமையை ஜஹாங்கீர் தம் நினைவுக்குறிப்பில் நூர்ஜஹானின் தாய் அஸ்மத் பேகத்துக்கே தருகிறார்.

புதிய இரகத்தை மதிப்பிட இரண்டு, மூன்று ஆண்டுத் தரவு போதாது. பூக்கும் காலம் ஆண்டுக்கு மூன்று, நான்கு வாரங்கள் மட்டுமே. அந்த நாட்களில் வெயிலும் வறண்ட காற்றும் சேர்ந்தால் மொட்டுகள் ஒரேயடியாக விரிந்து, பறிக்க ஆள் போதாமல் வீணாகும். குளிர்ந்து ஈரமாக இருந்தால் பூப்பு நீளும், எண்ணெயும் நிற்கும். ஓர் ஆண்டின் வானிலை ஓர் இரகத்தை உயர்த்தியோ தாழ்த்தியோ காட்டிவிடும். உச்ச மகசூல் ஆண்டுகளையும் வெட்டிப் புதுப்பித்த பின்னான ஆண்டுகளையும் உள்ளடக்கிய ஒப்பீடே நம்பத்தக்கது. அவ்வளவு காலம் நிலத்தையும் பணியாளர்களையும் ஒதுக்குவது எந்த நிறுவனத்துக்கும் எளிதல்ல. இத்துறையில் இரகங்கள் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோட்டத்தின் ஆயுளைச் செடி மட்டும் தீர்மானிப்பதும் இல்லை. 1990களில் பல்கேரியாவின் கூட்டுப்பண்ணைகள் கலைக்கப்பட்டு நிலம் பழைய உரிமையாளர்களிடம் திரும்பியபோது, பராமரிப்பின்றிப் பல ரோஜாத் தோட்டங்கள் அழிந்தன. பின்னர் விலை ஏறியபோது புதிதாக நட்டவர்கள் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஏற்றத்தில் நட்ட தோட்டம் இறக்கத்தில் பூக்கத் தொடங்குவது இப்பயிரின் நிலையான இடர்.

தமிழ்நாட்டில்

பன்னீர் ரோஜா என்ற பெயர் தமிழ்நாட்டில் மணமுள்ள பல இளஞ்சிவப்பு ரோஜாக்களுக்குப் பொதுவாக வழங்குகிறது. மாலைக்கும் உதிரிப்பூ விற்பனைக்கும் பரவலாகப் பயிராகும் எட்வர்டு ரோஜா, பூர்போன் ரோஜா வகையைச் சேர்ந்தது. ஆண்டு முழுவதும் பூக்கும் இதன் எண்ணெய் அளவு குறைவு, மணமும் டமாஸ்க் எண்ணெயினின்று மாறுபட்டது. டமாஸ்க் ரோஜா நன்கு மொட்டுவிடக் குளிர்காலக் குளிர் தேவை. சமவெளி வெப்பத்தில் அது இலையும் தண்டுமாகவே செழிக்கும்.